ஊதாத சங்கு

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை ஐயா, குடித்துக்கொள்கிறேன். நீங்கள் அந்த விபத்து அறிக்கையை எடுத்து வையுங்கள். பதினோராம் பக்கத்தில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் நானாகவே வந்தேன்.

நான் பைலட். விமானம் இல்லை. கல்யாணமான புதிதில் என் மாமியார் தெருவெல்லாம் விமானம் என்று பெருமையடித்துவிட்டு, பிறகு விஷயம் தெரிந்து முகம் தொங்கிப்போனார். வெளியிலிருந்து வரும் பெரிய கப்பல்களில் ஏறி, குறுகலான கால்வாய் வழியாகத் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு மிதவையைக்கூட உரசியதில்லை.

என் மனைவியின் தங்கை புருஷன், அதாவது என் சகலை, ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கிறவர். நல்ல மனுஷர், அதை நான் மறுக்க மாட்டேன். ஓட்டை உடைசலாக ஒரு பாய்ப்படகை வாங்கி, பலகை மாற்றி, பெயிண்ட் அடித்து, மொத்தக் குடும்பத்தையும் முறை வைத்து ஏற்றிப்போவார். மாமியார்கூட ஏறிவிடுவார். "சின்ன மாப்பிள்ளை கூட இருந்தா பொழுது போறதே தெரியல" என்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே. நானும் சிரித்து வைப்பேன். நான் இருநூற்றைம்பது மீட்டர் கப்பலைத் திருப்புகிறவன், அவர் நாலு பேர் உட்காரும் டப்பாவைத் திருப்புகிறவர். ஆனால் அந்த வீட்டில் கடலைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லா முகமும் அவர் பக்கம்தான் திரும்பும்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என் மனைவிக்குத் தண்ணீர் என்றால் பயம். அவள் மட்டும் அந்தப் படகில் ஏறமாட்டாள். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சோறு போடும்போது அவள் உள்ளங்கையைப் பார்த்தேன். கயிறு உரசின காயம்.

"என்னது இது?"

"துணிக்கொடி அறுந்துடுச்சு, இழுத்துக் கட்டினேன்."

எங்கள் மாடியில் துணி காயப்போடுவது கம்பியில், ஐயா. அதைக் கட்டினவனே நான்தான்.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. கப்பலின் மேல்தளத்தில் நிற்கும்போதெல்லாம் தொலைநோக்கியை வைத்து அவருடைய நீலப் பட்டை போட்ட பாயைத் தேடினேன். மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் இரண்டு தலை. நல்ல தொலைநோக்கியில் சிரித்தால் பல்லே தெரியும். அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நான் எங்கள் வீட்டில் பார்த்ததில்லை. வயிறு எரிந்தது. அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இப்போது நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். குறுகலான கால்வாயில் சின்னப் படகுதான் பெரிய கப்பலுக்கு ஒதுங்க வேண்டும், சட்டம் அதுதான். கப்பலை நிறுத்த ஒன்றரை கிலோமீட்டர் வேண்டும், ஒதுக்கினால் தரை தட்டிவிடும். ஆனால் சட்டத்துக்கு மேலே எங்கள் துறைமுகத்தில் ஒரு பழக்கம் உண்டு. குறுக்கே வரும் படகுக்கு நேரம் போதாது என்று பைலட்டுக்குத் தோன்றினால், கப்பல் சங்கை ஐந்து தடவை வெடுக்கு வெடுக்கென்று ஊதச் சொல்வார். படகு உடனே திரும்பிவிடும். ஊதவில்லையென்றால், பைலட் பார்த்துவிட்டார், கணக்குப் போட்டுவிட்டார், தாராளமாகக் கடக்கலாம் என்று அர்த்தம். ஊதாததற்கு இப்படியொரு அர்த்தம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தண்ணீரில் இறங்குகிற எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்குக் காலை பத்தரை மணி. வெயில் பளிச்சென்று அடித்தது. கேப்டன்தான் முதலில் பார்த்தார்.

"பைலட், படகு ஒண்ணு குறுக்க வருது. ஊதலாமா?"

"வேண்டாம். இவங்களுக்குப் பழக்கம்தான்."

தொலைநோக்கியை எடுத்தேன். சுக்கானைப் பிடித்திருந்தவள் என் மனைவி. பக்கத்தில் சகலை கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அவள் நிமிர்ந்து கப்பலைப் பார்த்தாள். சங்கு வருமா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை என்றதும் நேராக விட்டாள். ஒரு கையைத் தூக்கி எங்களைப் பார்த்து ஆட்டவும் செய்தாள்.

கேப்டன் இன்னொரு தடவை கேட்டார். "நேரம் இருக்கு" என்றேன். நேரம் இல்லை. பெரிய கப்பல் நெருங்கினால் காற்றை அடைத்துவிடும், பாய் தொங்கிப்போகும், படகு அப்படியே நின்றுவிடும். அதையும் சேர்த்துத்தான் நான் கணக்குப் போட்டிருந்தேன். மேல்தளத்திலிருந்து பார்த்தால் கப்பலின் மூக்குக்கு முன்னால் முந்நூறு மீட்டர் வரை ஒன்றும் தெரியாது. நீலப் பட்டை அதற்குள் போய் மறைந்தது. பாய்த்துணி இடது பக்கமாக மிதந்து வர இரண்டு நிமிஷம் ஆகும் என்று நினைத்திருந்தேன். ஐந்து வினாடிதான் கூடியது.

அவரைச் சாயங்காலம் எடுத்தார்கள், அவளை மறுநாள்.

அறிக்கையில் 'பைலட்டின் கணிப்புப் பிழை' என்று போட்டிருக்கிறது. அதைத்தான் தவறு என்கிறேன். என் கணிப்பில் பிழை எதுவும் இல்லை. தெரிந்தேதான் ஊதவில்லை. இரண்டு பேரையும் கொன்றது நான். அப்படியே போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னும் ஒன்று. நேற்று என் கொழுந்தியாள் எங்கள் வீட்டுக்கு வந்து அழுதாள். "அத்தான், அக்கா ஆறு மாசமா கத்துக்கிட்டதே உங்களுக்காகத்தான். ஒரு நாளாவது உங்க கப்பலுக்கு எதிர்ல தானே ஓட்டிக்கிட்டு வந்து நிக்கணும்னு அவளுக்கு அவ்வளவு ஆசை. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கியிருந்தா" என்றாள். பாவம், புருஷனைப் பறிகொடுத்தவள், எதையோ சொல்லி மனசைத் தேற்றிக்கொள்கிறாள். எனக்காக என்றால், பக்கத்தில் அவர் எதற்கு ஐயா?