ஏழாம் நம்பர் ரூமின் சந்தோஷ மார்க்

– பத்து.

– டீச்சரம்மா, நான் இன்னும் கேள்விய முடிக்கவே இல்ல.

– கேள்வி எதுவா இருந்தா என்ன தம்பி? கர்த்தர் எனக்கு ஒரு குறையும் வைக்கல. பத்துக்குப் பத்து போட்டுட்டு அடுத்ததுக்கு வாங்க.

– ராத்திரி தூக்கம் எப்படின்னுதான் கேக்க வந்தேன். எத்தனை மணி நேரம் தூங்குவீங்க?

– ரெண்டு.

– ரெண்டு மணி நேரத்துக்குப் பத்து மார்க்கா?

– நேரம் ரெண்டு. மார்க் பத்து. கண்ணு மூடலன்னாலும் மனசு நிம்மதியா இருக்குல்லா.

– சரி. உம்மா, நீங்களாவது சொல்லுங்க. ரஹ்மத்துன்னிஸாதானே பேரு? தூக்கம் எப்படி?

– அல்ஹம்துலில்லாஹ்.

– ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள அது எத்தனை உம்மா?

– அல்ஹம்துலில்லாஹ்வுக்கு ஏது வாப்பா நம்பரு? உன் டப்பாவுல அதுக்குன்னு ஒரு பட்டன் இல்லியா?

– இது டேப் உம்மா, பெரிய சைஸ் ஃபோன் மாதிரி. நம்பர் மட்டும்தான் ஏத்துக்கும்.

– அப்ப அதுல ஆகப் பெரிய நம்பரு எதுவோ அதப் போடு. அல்லா குடுத்த ஹயாத்துக்கு, இந்த உசுருக்கு, நான் மார்க்கக் குறைச்சா நாளைக்கு அவன் கேப்பான்லா?

– அய்யோ. உடம்புக்குப் பத்து, சாப்பாட்டுக்குப் பத்து, இப்ப தூக்கத்துக்கும் பத்து. டீச்சரம்மா, டேப்ப மூடி வச்சிட்டு நடந்ததச் சொல்லிடுறேன். நான் டிரஸ்ட்லேர்ந்து வந்திருக்கேன்னு மேனேஜர் சொல்லியிருப்பாரு.

– அனிஷ்னு ஒரு தம்பி வருவாரு, சாகுபுரத்துப் பிள்ளை, மரியாதையா பேசுங்கன்னாரு. மரியாதையாத்தான பேசுதோம்?

– மரியாதைதான் இப்ப கழுத்த அறுக்குது. முதியோர் இல்லத்துல இருக்கவங்க வாழ்க்கை கொஞ்சம் நல்லா ஆகணும்னு எங்க டிரஸ்ட் நிதி குடுக்குது. பதினோரு ரூமுக்கும் சீட்டுக் குலுக்கிப் போட்டதுல உங்க ஏழாம் நம்பர் வந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் சொல்ற மார்க்குதான் மொத்த இல்லத்துக்கும் மார்க்.

– அப்ப எல்லாருக்கும் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கிக் குடுத்துட்டோம். என்ன ரஹ்மத்?

– மாஷா அல்லாஹ்.

– மொத்தம் அஞ்சு கேள்வி, அம்பது மார்க். அதுல இருபத தாண்டினா நிதி கிடையாது டீச்சரம்மா! ஏற்கெனவே சந்தோஷமா இருக்கவங்களுக்கு எதுக்குக் குடுக்கணும்னு விதி.

– அப்ப ஃபெயிலானாத்தான் பாசா?

– அதேதான்.

– நாசரேத்துல முப்பத்திநாலு வருஷம் கணக்கு டீச்சரா இருந்தேன். இப்படி ஒரு பரீட்சைய நான் கண்டதில்ல.

– அது கெடக்கட்டும் டீச்சர். ஏ வாப்பா, அந்த நிதிய வச்சு இங்கன என்ன செய்யப் போறாவளாம்?

– மேனேஜர் நேசக்குமார் சார் நீரூற்று கேட்டிருக்காரு உம்மா. முன்வாசல்ல, கலர் லைட் போட்டு. ராத்திரி பகலா தண்ணி சலசலன்னு விழுந்துட்டே இருக்கும்.

– யா அல்லா! ராவு பூராவுமா தண்ணிச் சத்தம்?

– மனசு அமைதியாயிரும் உம்மா.

– மனசு அமைதியாத்தான் இருக்கும். மத்ததெல்லாம் எந்திச்சுக்கிடும்.

– ரஹ்மத்! சின்னப் பையன் முன்னால என்ன பேச்சு இது?

– பின்ன என்ன டீச்சர்? இருபத்திரெண்டு பொம்பளைக்கு ஒரே ஒரு வெஸ்டர்ன் கக்கூசு. பைப்பு சொட்டுனாலே இங்கன வரிசை கட்டுதோம். இவரு வாசல்ல ஊத்து வச்சாருன்னா வரிசை திருநெல்வேலி ரோட்டுக்குப் போயிரும்.

– ‘அந்தப் பக்கம்’னு பதவிசா சொல்லலாம்லா?

– எந்தப் பக்கம்னு அவனுக்கு எப்படித் தெரியும்? கடற்கரைப் பக்கம்னு எழுதிட்டுப் போயிருவான்.

– வெஸ்டர்ன் ஒண்ணுதானா? மேனேஜர் மூணு கழிப்பறைன்னு எழுதியிருக்காரே.

– மத்த ரெண்டும் தரையோட இருக்கது வாப்பா. உக்காரலாம். எந்திக்கதுக்குத்தான் ஆளு வேணும்.

– நீரூற்ற அடிச்சிட்டு கழிப்பறைன்னு மாத்திரலாம். இங்க இருக்கவங்க கேக்குறதுதான் முதல்லன்னு விதி இருக்கு. எத்தனை வேணும்?

– நாலு!

– பேராசைப்படாத ரஹ்மத். மூணு போடுங்க தம்பி.

– மூணோ நாலோ, மார்க் குறைஞ்சாத்தான் டீச்சரம்மா. இன்னிக்கு அஞ்சு மணிக்கு சிஸ்டம் மூடிரும். நீங்க இல்லன்னா அடுத்த பேரு கீழவைப்பார்ல ஒரு இல்லம்.

– எனக்கும் வேண்டியதுதான் தம்பி. ஆனா குறைன்னு சொல்ல வாய் வர மாட்டேங்கே. இத்தனை வருஷம் ஸ்தோத்திரம் சொன்ன நாக்கு. நாலுன்னு சொல்ல எடுத்தா பத்துன்னு விழுது.

– ஒரு வழி இருக்கு. ஒருத்தரால பதில் சொல்ல முடியலன்னா அதே ரூம்ல இருக்கவங்க அவங்களுக்காகச் சொல்லலாம். மூணையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து வரலாம்.

– யாருக்கு வாப்பா முடியல? நான் கல்லு மாதிரி இருக்கேன்.

– ‘பதில் சொல்ல முடியலன்னா’ன்னுதான் உம்மா போட்டிருக்கு. அரை மணி நேரமா உங்க ரெண்டு பேராலயும் முடியலயே.

– வாக்கியப்படி சரியாத்தான் இருக்கு. அப்ப ரஹ்மத்தோட குறைய நான் சொன்னா அது கர்த்தருக்கு நன்றி கெட்டதனம் ஆகாது?

– ஆகவே ஆகாது.

– எழுதுங்க. உடம்பு. இவளுக்கு முட்டி ரெண்டும் போச்சு. அந்தத் தரையோட இருக்கதுல போய் உக்காந்தான்னா தூக்கிவிட ஹார்பர்லேர்ந்து கிரேன் வரணும்.

– கிரேனா! வாப்பா, இவுக கதையையும் எழுது. போன பொங்கலுக்கு மறுநாள் தரையோட இருக்கதுல போய் மாட்டிக்கிட்டு, உள்ள இருந்தே ரெண்டு ஞானப்பாட்டு பாடி முடிச்சிட்டாவ. நாங்க ஜெபம் நடக்குன்னு கதவத் தட்டாம இருந்துட்டோம்.

– உடம்பு, அஞ்சு. நல்லா வருது, இப்படியே போங்க. அடுத்தது சாப்பாடு.

– இவ சாயங்காலம் நாலு மணிக்கு மேல ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டா தம்பி. ஏன்ளான்னு கேட்டா எனக்கு வருஷம் பூரா நோன்புன்னு சிரிப்பா. நோன்புமில்ல ஒண்ணுமில்ல. ராத்திரி எந்திச்சுப் போய் நிக்கணுமேன்னுதான்.

– அத எதுக்கு இப்பச் சொல்லுதிய டீச்சர்? நான் யாருகிட்டயாவது சொன்னனா?

– சொல்லலன்னா தெரியாதாக்கும்?

– அப்ப நானும் சொல்லுதேன். வாப்பா, டீச்சருக்குக் காப்பின்னா உசுரு. குடிச்ச அஞ்சாவது நிமிசம் ஓடணும்னு மூணு வருசமா விட்டுட்டாவ. ஆனா காலைல பக்கத்து ரூம் பேச்சி காப்பி குடிக்கப்ப போய் பக்கத்துல நின்னுக்கிட்டு கிளைமேட்டு நல்லா இருக்குல்லான்னு மூச்ச இழுத்து இழுத்து விடுவாவ.

– அஞ்சு போட்டுறவா?

– மோந்து பாக்கதுக்கு ஒரு மார்க் கூட்டிக்கோங்க தம்பி. அதுல ஒரு சுகம் இருக்கத்தான் செய்யுது.

– ஆறு. அடுத்தது தூக்கம்.

– ரெண்டு மணிக்கே எந்திச்சிருதாவ டீச்சரு. எந்திச்சு அந்தக் கக்கூசுக் கதவுப் பிடியில ஒரு துண்டக் கட்டி எடம் போட்டு வச்சிருவாவ, பஸ்ல சீட்டு பிடிக்க மாதிரி. ஸ்டூலப் போட்டு உக்காந்து காவலு வேற.

– எதுக்கு டீச்சரம்மா அந்த நேரத்துல?

– விடியக்கால சுபுஹு தொழுகைக்கு முன்னால இவ போய்ட்டு வந்து கைகால் கழுவணும்லா தம்பி. அதுக்குள்ள எதிர் ரூம் ஞானபாய் உள்ள போய்ட்டான்னா முடிஞ்சுது. உக்காந்து மாசப் பத்திரிகையே படிச்சிட்டுத்தான் வருவா.

– நான் உங்கள எடம் போடச் சொன்னனா டீச்சர்?

– நீ சொல்லித்தான் செய்யணுமா?

– டீச்சரம்மா, இது நல்ல விஷயமாப் போச்சே. மார்க் ஏறுமே.

– ஏத்தாதீங்க! நீங்க கேட்டது தூக்கம். அதுக்கு மட்டும் போடுங்க. ரெண்டு!

– ரெண்டு. நாலாவது, தனிமை. உங்களுக்குன்னு ஒரு மறைவு, ஒரு நிம்மதியான நேரம் இருக்கா?

– அதக் கேளு வாப்பா. கதவுல டைம்டேபிள் ஒட்டியிருக்காவ டீச்சரு. ஆளுக்குப் பத்து நிமிசம். முடிஞ்சதும் வெளிய நின்னு மணி அடிப்பாவ. பேரன் பேத்தி எடுத்தவ நான், உள்ள இருந்துக்கிட்டு ‘டீச்சர், இன்னும் ரெண்டே நிமிசம்’னு கெஞ்சிட்டுக் கெடக்கேன்.

– உனக்கு மட்டும் நான் ரெண்டு தடவ காது கேக்காத மாதிரி இருந்திருக்கேன்.

– தனிமை, ரெண்டு... சரி, மூணு. ஆக மொத்தம் பதினாறு! டீச்சரம்மா, வந்துட்டோம். இன்னும் ஒரே கேள்விதான்.

– நாலு இடம் பாக்கி இருக்கு. நாலோ அதுக்குக் கீழயோ வந்தாப் போதும். கேளுங்க.

– ‘இந்த இல்லத்தில் உங்களுக்கு நெருங்கிய சிநேகிதம் உண்டா?’

– இதுக்கு எத்தனை போடலாம் தம்பி?

– இதுக்கு ஆமா, இல்ல ரெண்டே பட்டன்தான். ஆமான்னா பத்து. இல்லன்னா பூஜ்யம்.

– நடுவுல ஒண்ணும் கிடையாதா தம்பி? ஒரு நாலு மார்க் சிநேகிதம்?

– கிடையாது டீச்சரம்மா. இதுல ஒருத்தருக்காக ஒருத்தர் சொல்லவும் முடியாது. அவங்கவங்க குரல்லயே சொல்லணும், டேப் பதிவு பண்ணும். ஒருத்தர் ஆமான்னாலும் பத்துதான்.

– பதினாறும் பத்தும் இருபத்தாறு. மேல சொன்னதுல எதையாவது குறைச்சா?

– பதிஞ்சாச்சு. இனி மாத்த விடாது.

– என்ன டீச்சர் பெரிய கணக்கு? இல்லேன்னு ஒரு வார்த்த. அல்லா மன்னிப்பான். இருபத்திரெண்டு பேரோட முட்டி அவனுக்குத் தெரியாதா? அமுக்கு வாப்பா, நானே மொதல்ல சொல்லுதேன்.

– அமுக்கிட்டேன். சொல்லுங்க உம்மா.

– எனக்கு இங்கன சிநேகிதம்னு யாரும் இல்ல. ஒருத்தரும் இல்ல. டீச்சர், ரெண்டு மணி மாத்திரை போட்டியளா?

– உம்மா!

– என்ன வாப்பா?

– மாத்திரையும் சேந்து பதிவாயிட்டு. மறுபடி எடுக்கணும். மொத்தமே மூணு தடவதான் விடும். ‘இல்ல’ன்னு மட்டும் சொல்லிட்டு வாய மூடிக்கோங்க.

– சரி, அமுக்கு. இல்ல. எனக்கு யாரும் இல்ல... டீச்சர், ஏன் மூஞ்சி சுண்டிப் போச்சி? நான் நெசமாவா சொல்லுதேன்? வாப்பாகிட்டச் சும்மா சொல்லுதேன்.

– உம்மா, அதுவும் பதிவாயிட்டு.

– அந்தப் பட்டன உடனே விட்டா என்ன ஒனக்கு? இவுக மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படி வாப்பா சொல்ல?

– இனி ஒரே ஒரு தடவதான். மணி நாலே முக்கால். டீச்சரம்மா, நீங்க உங்களுதச் சொல்லிருங்க. ஒரே வார்த்தை.

– வராது தம்பி.

– மூணு வெஸ்டர்ன் டீச்சரம்மா! நீங்க காப்பி குடிக்கலாம்.

– இன்ஸ்பெக்டர் மவனுக்கு அரை மார்க் கூட்டிப் போடுங்கன்னு ஹெட்மாஸ்டர் வீட்டுக்கே வந்து கேட்டாரு. போடல. சாத்தான்குளத்துக்கு மாத்துனாங்க, போனேன். இந்த வயசுக்கு மேல நான் பொய் படிச்சா அது ஸ்பெல்லிங் மிஸ்டேக்கோடதான் வரும்.

– அப்ப நீரூத்தும் இல்ல, கக்கூசும் இல்ல. கீழவைப்பார்க்காரிய நல்லா இருக்கட்டும். அல்ஹம்துலில்லாஹ்.

– உடனே அத ஆரம்பிக்காத ரஹ்மத். தம்பி, பதினஞ்சு நிமிஷம் இருக்குல்லா? நீங்க போய் முன்வாசல்ல நில்லுங்க. நான் கூப்பிட்டதும் டேப்போட ஓடி வரணும்.

– என்ன செய்யப் போறீங்க?

– பொய் சொல்லப் போறதில்ல. போங்க. கதவ இழுத்துச் சாத்திட்டுப் போங்க.

– போய்ட்டான் டீச்சர். என்ன ரோசனை?

– பள்ளிக்கூடத்துல புள்ளைய காய் விடும்லா ரஹ்மத்? அதுல பொய்யே கிடையாது. விரலால தொட்டுக் காய்னு சொல்லிட்டா, திரும்பப் பழம் விடுத வரைக்கும் ஒரே பெஞ்சுல இருந்தாலும் அதுக யாரோ எவரோதான். உயிர் போனாலும் ரப்பர் குடுக்காது.

– அதுக்கு?

– இங்கன என் பக்கமா திரும்பி உக்காரு. சிரிக்கக் கூடாது. ஏளா ரஹ்மத், ஒரு பத்து நிமிஷத்துக்கு மட்டும் என்கூட காய் விடுதியா?