அச்சடிக்காதே என்றால் யார் கேட்க வேண்டும்?

அலையோசை கேட்டு உறங்கி, அலையோசை கேட்டு எழும் அவையோரே! தலைமை தாங்கும் ஊர்ப் பெரியவர் சிங்காரம் ஐயா அவர்களே! எனக்கு முன் பேசி என்னை வியர்க்க வைத்த முரளி சார் அவர்களே! மீன்கூடையை இறக்கிய கையோடு வந்தமர்ந்த தாய்மார்களே! பழவேற்காடு கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை நடத்தும் அர்ஃபாவின் அன்பு வணக்கம்.

நம் படிப்பகத்துக்கு இரண்டு கணினிகள் வந்திருக்கின்றன. ஆவணங்களைத் திறந்து காட்ட எந்த மென்பொருளைப் போடுவது? எழுதியவர் அச்சுக்குப் பூட்டுப் போட்டால், அச்சுப் பொத்தானையே அழுத்த முடியாதபடி மங்க வைப்பது ஒன்று. பூட்டியிருப்பதைச் சொல்லிவிட்டு, முடிவை நம்மிடம் விடுவது மற்றொன்று. முதலாவதே வேண்டும் என்றார் முரளி சார். "எழுதனவங்க பேச்சுக்கு மரியாத வேணாமா?" என்று கேட்டார். வேண்டும் ஐயா! நானும் எழுதியவள்தான். மூன்றாண்டு வரைந்த மெஹந்தி டிசைன்களைப் பிடிஎஃப் புத்தகமாக்கி, அச்சிட முடியாதபடி பூட்டி விற்றவள் நான்.

சென்ற ஆடியில் கோவிந்தம்மா அக்கா கடைக்கு வந்தார். அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார். ஓர் அரசு அலுவலகம் வெளியிட்ட கரையோர வரைபடத்தில், அவர்கள் கருவாடு காயவைக்கும் மணல்திட்டு இல்லை. படத்தில் இல்லாத இடத்தை நாளை யார் வேண்டுமானாலும் கேட்கலாம் அல்லவா? அந்தப் பக்கத்தை அச்சிட்டு, மறுப்பு மனுவோடு அன்று மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். திறந்து பார்த்தேன். பொத்தான் மங்கிக் கிடந்தது.

"இன்னா அர்ஃபா, எல்லாரும் பாக்கத்தானே போட்டானுங்க? காயிதத்துல மட்டும் ஏன் வர மாட்டேன்னுது?"

"பூட்டி வச்சிருக்காங்கக்கா. நான் இன்னா பண்றது?"

பொய் சொன்னேன், தாய்மார்களே. பூட்டுக்குக் கட்டுப்படாத மென்பொருள் பக்கத்துக் கணினியிலேயே இருந்தது. இன்று இதை அச்சடித்தால், நாளை என் புத்தகத்தை யார் விட்டுவைப்பார் என்ற பயம் என் கையைக் கட்டியது. வேறு வழி தெரியாமல் ஒரு மணி நேரம் அக்கா ஸ்டூலில் காத்திருந்தார். மனம் பொறுக்காமல் நான் அச்சடித்துக் கொடுத்தபோது, அவர் பிடிக்க வேண்டிய பேருந்து திருப்பாலைவனத்தைத் தாண்டியிருந்தது. மனு மறுநாள்தான் சேர்ந்தது. மனுவின் மேல் தாமதம் என்று குறித்து வாங்கிக்கொண்டார்கள். இன்றுவரை பதில் இல்லை.

கண்ணால் பார்க்கலாம், கையில் பிடிக்கக் கூடாதா? படிக்கலாம், பத்துப் பேரிடம் காட்டக் கூடாதா? ஏரியில் நாம் எப்படி வாழ்கிறோம்? சீட்டுக் குலுக்கி, யார் எங்கே வலை விடுவது என்று பாடு பிரிக்கிறோம். இன்று இவர் முறை, நாளை அவர் முறை. அடுத்தவர் பாட்டில் வலை இறக்க மாட்டோம். அதற்காக, எல்லை வந்ததும் தானாக நின்றுவிடும் இன்ஜினை யாராவது படகில் மாட்டுவோமா? காற்று மாறிய அன்று பூபதி அண்ணன் அடுத்தவர் பாட்டுக்குள்தான் படகை விட்டுக் கரை சேர்ந்தார். மறுநாள் ஊரில் சொன்னார். ஊரும் சரியென்றது.

என்ன பூபதி அண்ணே, சிரிக்கிறீர்கள்? "அப்போ உம் புஸ்தகத்த நாங்க அடிச்சிக்கலாமா?" என்றா கேட்கிறீர்கள்? அடித்துக்கொள்ளுங்கள். நேற்றே பூட்டை எடுத்துவிட்டேன். முதல் பக்கத்தில், "இது அர்ஃபாவின் பிழைப்பு, தயவுசெய்து அச்சடித்து விற்காதீர்கள்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மனிதரிடம் கேட்க வேண்டியதை நான் மனிதரிடமே கேட்கிறேன். நம் படிப்பகத்துக்கும் முடிவை நம்மிடம் விடும் அந்த இரண்டாவது மென்பொருளே போதும்.

கோவிந்தம்மா அக்கா, அன்று உங்களை உட்கார வைத்ததற்கு இந்த அவை அறிய மன்னிப்புக் கேட்கிறேன். அந்த வரைபடப் பக்கத்தை இருநூறு பிரதிகள் அடித்து வாசலில் வைத்திருக்கிறேன். அன்பு மக்களே, போகும்போது ஆளுக்கொன்று எடுங்கள். மணல்திட்டு எங்கே இருக்கிறதென்று உங்கள் கையாலேயே வரைந்து கையெழுத்திடுங்கள். நாளைக் காலை புறப்படும் முதல் பேருந்திலேயே நானும் அக்காவும் அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறோம்.

இவ்வளவு நேரம் செவி கொடுத்த உங்களுக்கு நன்றி. பேனாவும் வாசலிலேயே இருக்கிறது. வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.