இருநூற்றுப் பதினான்காம் அறைக்கு ஒருத்தி

குறட்டை சின்ன விஷயம் என்பவர்கள் விடுதியில் இருந்ததில்லை, பிரின்சிபால் மேடம். முதல் வருடம் முழுக்க நான் சரியாகத் தூங்கவே இல்லை. என் அறைத்தோழி படிப்பு முடிந்து போனதும் அந்தக் கட்டில் காலியானது. அதில் யாரைப் போடலாம் என்று நானே சொல்லலாம் என்றார் வார்டன்.

அந்த மாதம்தான் என்னை மாணவர் தூதராக எடுத்தீர்கள். நம் டெல்லிக் கல்லூரிக்குத் தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் பெண்களோடு வீடியோவில் பேசி, அவர்கள் சந்தேகங்களைத் தீர்ப்பது என் வேலை. ஒழுங்காகவே செய்தேன். நடுவில் ஒரே ஒரு கேள்வி மட்டும் என்னுடையது: குறட்டை விடுவாயா? ஆமாம் என்றவர்களிடம் டெல்லிக் குளிரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொன்னேன். அவர்கள் வரவில்லை.

திருச்சி சுபிக்ஷா சிரித்தாள். "ச்சே, எங்க வீட்லயே யாருக்கும் கிடையாதுக்கா. கெட்டில் இருந்தா போதும், அதுலயே ரசம் வச்சிடுவேன்."

இதற்குமேல் ஒருத்தியிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

நம்மிடம் அவளுக்கு விலங்கியலில் இடம் கிடைத்தது. ஆனால் சென்னையில் கடல் உயிரியலிலும் கிடைத்துவிட்டது. "சாரிக்கா, சின்ன வயசுலேர்ந்து எனக்குக் கடல்தான்" என்றாள். டெல்லியில் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

சென்னை இடத்தை உறுதி செய்யும் கடைசி நாளில் அவள் தெருவில் கேபிள் அறுந்து இணையம் போய்விட்டது; போனிலும் டேட்டா கிடைக்கவில்லை. பதறிப்போய் எனக்கு போன் செய்தாள். கடவுச்சொல்லைச் சொன்னாள். "நீங்களே உள்ள போய் 'ஏற்கிறேன்'னு அழுத்திடுங்கக்கா, ப்ளீஸ்."

கவலைப்படாதே என்றேன். அவளும் கவலைப்படவில்லை.

ஆகஸ்டில் வந்து சேர்ந்தாள். சென்னை இடம் போனது அந்தக் கல்லூரியின் கம்ப்யூட்டர் கோளாறால் என்று நம்பி, இரண்டு வாரம் அழுதாள். நான் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் புளி வாங்கி வந்தேன். சரோஜினி நகரில் அவளுக்கு நல்ல ஸ்வெட்டராகப் பார்த்துப் பேரம் பேசி வாங்கிக் கொடுத்தேன். "நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ" என்றாள். கேட்க இதமாக இருந்தது.

இடம் எப்படிப் போனது என்று அவள் எழுதிக் கேட்டதற்குப் போன வாரம் சென்னைக் கல்லூரியிலிருந்து பதில் வந்தது. இடத்தை மறுத்த நேரமும், டெல்லியிலிருந்து மறுக்கப்பட்டது என்பதும் அதில் இருந்தன. போனை என் முன்னால் நீட்டினாள்.

"அக்கா, கை தவறிப் பட்டுடுச்சுதானே? அப்படின்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது, மேடம். உள்ளதைச் சொன்னேன்: கை தவறவில்லை. 'மறுக்கிறேன்' என்பதைத்தான் அழுத்தினேன். நிச்சயமாகவா என்று அது இன்னொரு முறை கேட்டது. நிச்சயமாக என்று மறுபடியும் அழுத்தினேன்.

அவள் வேறு அறை கேட்டிருக்கிறாளாம். தயவுசெய்து கொடுக்காதீர்கள். இந்த ஊரில் அவள் நல்லதை நினைக்க என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?