சுருளிப்பட்டி மொட்டை மாடிக் காற்று

பழுத்த வாழைப்பழ வாடை எனக்கு ஆகாது, இன்ஸ்பெக்டர் ஐயா. அதனால் கூடலூரில் சுந்தரலிங்கம் முதலாளியின் பழக் கிடங்குக்குப் போனால் வேலையைச் சட்டென்று முடித்து வெளியே வந்துவிடுவேன். இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், அதனால் சொல்கிறேன்.

அங்கே வாழைத்தார் பழுக்க வைக்கும் மூடிய குளிர் அறைகள் நான்கு. பழுக்கும் காய் மூச்சு விடும். அந்தக் கெட்ட காற்றை விசிறி வெளியேற்றிய பிறகுதான் ஆள் உள்ளே போகலாம். ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒரு கருவி காற்றை அளந்து, முதலாளியின் விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் எழுதும். நான் செய்த புரோகிராம் அதைப் படித்துக் கதவுக்கு மேலே பச்சையோ சிவப்போ எரியவிடும்.

புரோகிராமைக் கண்டெய்னர் என்ற ஒன்றுக்குள் வைத்திருந்தேன். சன்னல் இல்லாத அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே இருக்கும் ஃபோல்டர் உள்ளே தெரிய வேண்டுமானால் நாம்தான் சன்னல் வைத்துத் தர வேண்டும். அதற்கு மவுண்ட் என்று பெயர். என் லினக்ஸ் லேப்டாப்பில் சன்னல் ஒழுங்காகத் திறந்தது. முதலாளியின் விண்டோஸில் ஃபோல்டர் வந்தது, ஆனால் காலியாக வந்தது. பாதையை மாற்றி எழுதினேன். அனுமதிகளைத் தளர்த்தினேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போட்டேன். மூன்று நாள் காலியாகவே இருந்தது. ஒரு மனிதன் எவ்வளவுதான் முட்டிக்கொள்வான்.

நான்காம் நாள் விளக்குகளுக்குத் தொடக்கப் பூசை. முதலாளி ஊரையே அழைத்திருந்தார். சுருளிப்பட்டியில் என் வீட்டு மொட்டை மாடியில் கருவியை வைத்து ஒரு நாள் முழுக்க எடுத்த அளவுகள், சோதனைக்காகக் கண்டெய்னருக்குள்ளேயே கிடந்தன. மவுண்ட் வரியை மட்டும் நீக்கினேன். புரோகிராம் மாடிக் காற்றையே திரும்பத் திரும்பப் படித்தது, நான்கு விளக்கும் பச்சையாக எரிந்தன. முதலாளி எனக்குச் சால்வை போர்த்தினார். குனிந்து வாங்கிக்கொண்டேன். அத்தனை பேர் முன்னால் வேறென்ன செய்ய முடியும்.

மாரீஸ்வரி அக்காவை அன்றுதான் முதலில் பார்த்தேன். அறைகளிலிருந்து பழப் பெட்டிகளை எடுத்து வருவது அவர் வேலை. கையில் ஓர் அகல் விளக்கோடு வந்தார். கதவைத் திறந்து அதை வாசலில் தரையோடு வைப்பார், சுடர் நின்று எரிந்தால்தான் உள்ளே போவாராம். அவருடைய அப்பா கிணறு வெட்டியவர்.

"எங்கய்யா கெணத்துக்குள்ள எறங்குமுன்ன வெளக்கத்தான் மொதல்ல விடுவாக, தம்பி. காத்து கெட்டுக் கெடந்தா அணைஞ்சிரும். ஒங்க லைட்டும் அப்பிடிச் சொல்லீருமா?"

"அதவிட நல்லாச் சொல்லும்க்கா. இனிமே இத இங்கன கொண்டு வராதீக."

பழுக்க வைக்கும் வாயுவுக்கு நெருப்பு ஆகாது என்றும் விளக்கினேன். அது உண்மை, நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். அவர் அகலை ஊதி அணைத்து என் கையிலேயே கொடுத்தார். ஆபீஸ் அலமாரியில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து விடை கிடைத்தது. அந்த ஃபோல்டர் டி டிரைவில் இருந்தது. கண்டெய்னருக்கு அந்த டிரைவைப் பார்க்க அனுமதியே கொடுக்கவில்லை. அமைப்புகளுக்குள் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட்டு, நீக்கிய மவுண்ட் வரியைத் திரும்பச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போட்டால் பூசை நாள் முதலான அளவுகள் எல்லாம் முதலாளியின் திரையில் வந்து விழும். அந்த நாட்களில் சிவப்பு வந்திருக்க வேண்டிய நேரங்கள் இருந்தன. ஃபோல்டரைத் திறந்து நானே பார்த்தேன். சால்வை போர்த்திய மனிதரிடம் போய் எப்படிச் சொல்வது. வீரபாண்டித் திருவிழாவுக்குக் கிடங்கை இரண்டு நாள் மூடுவார்கள், அப்போது பழைய அளவுகளை அழித்துவிட்டு டிக் போடலாம் என்று முடிவு செய்தேன். யார் மனமும் நோகாத வழி அது.

திருவிழாவுக்கு ஐந்து நாள் இருந்தது. அன்று காலை மூன்றாம் அறையின் விசிறி நின்றுபோயிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. அக்கா அண்ணாந்து விளக்கைப் பார்த்தாராம், உள்ளே போனாராம், குளிர் போகாமலிருக்கக் கதவைச் சாத்திக்கொண்டாராம். லோடு ஏற்றும் செல்வமணி முக்கால் மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தார். ஆபீஸிலிருந்து நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது அக்கா பெட்டிகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தார், மூச்சில்லை. கதவுக்கு மேலே பச்சைதான் எரிந்தது. எங்கள் மாடியில் அளவெடுத்த அன்று நல்ல காற்று.

செல்வமணி என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "பச்சதான எரிஞ்சுச்சு, அண்ணே?" ஆமாம் என்றேன். அது பொய்யில்லை.

பூசை நாளிலிருந்து பத்தொன்பது நாள் பொய் விளக்கை எரியவிட்டது நான்தான், ஐயா. விடை தெரிந்தும் பதினேழு நாள் வாயைத் திறக்கவில்லை. அவர் கையிலிருந்த அகலை வாங்கி வைத்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அக்காவை ஜீப்பில் ஏற்றி அனுப்பியதும் நான் நேரே கம்ப்யூட்டருக்குப் போய் அந்த டிக்கைப் போட்டு, மவுண்ட் வரியையும் சேர்த்துவிட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான்காம் அறை விளக்கு உடனே சிவப்பாக மாறியது. இன்னொருவர் உள்ளே போய்விடக் கூடாதே என்ற பதைப்புதான். என்னால் முடிந்த எதையும் நான் செய்யாமல் விட்டதில்லை.