ஞானத்தகப்பன் சொல்ல மறுத்த பேர்

ஒனோப்ரே: மெதுவாடா தோரிங்... உள்ள எலும்பு இருக்கு.

தோரிங்: எங்க வலிக்குதுன்னு சொன்னாத்தானே அண்ணே தேய்க்க முடியும்.

ஒனோப்ரே: வலிக்காத இடம் எதுன்னு கேளு. சீக்கிரம் சொல்லி முடிச்சிடலாம்.

லூமென்: சட்டையைக் கழட்டிட்டு என் கடை பெஞ்சுல குப்புறப் படுத்துக்கிட்டா, கஞ்சி குடிக்க வர்றவன் எங்க உக்காருவான்? உங்க எண்ணெய் நாத்தத்துல என் இஞ்சி வாசனையே போச்சு.

ஒனோப்ரே: உன் கஞ்சியில இஞ்சி கெடந்த காலம் ஒண்ணு இருந்துச்சு லூமென். அதையும் நான் பாத்திருக்கேன்.

லூமென்: கிண்ணத்தை வழிச்சு நக்கின வாய் பேசற பேச்சைப் பாரு.

ஒனோப்ரே: விடிய விடிய சிமென்ட் மூட்டை இறக்கினவன் கிண்ணத்தையே கடிச்சுத் தின்னாலும் தப்பில்ல.

தோரிங்: போதும், எழுந்திரிங்க அண்ணே. குளிச்சிட்டு வெள்ளைச் சட்டை போடணும். பத்து மணிக்கு என் பிள்ளைக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பன் இப்படி சிமென்ட் தூளோட வந்து நின்னா, பாதிரியார் பிள்ளையை விட்டுட்டு உங்களைத்தான் முக்குவார்.

ஒனோப்ரே: அது கெடக்கட்டும். பேரு என்னன்னு சொன்னே?

தோரிங்: எத்தனை தடவை சொல்றது... லியாந்த்ரோ.

ஒனோப்ரே: நல்லா யோசிச்சியா?

தோரிங்: இதுல யோசிக்க என்ன இருக்கு?

லூமென்: தம்பி, உங்கப்பா பேரு பொனிஃபாசியோதானே? எவ்வளவு கம்பீரமான பேரு. அதை வையேன்.

தோரிங்: அக்கா, எங்கப்பா குடிச்சிட்டு இந்தத் துறைமுகத்துலயே தண்ணிக்குள்ள விழுந்தவர். நீங்கதானே கயிறு போட்டு இழுத்தீங்க.

லூமென்: அதான் சொல்றேன். முங்காத பேரு.

ஒனோப்ரே: என் பேரை வேணும்னா வை. நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்.

தோரிங்: ஒனோப்ரேன்னு முழுசாக் கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள பிள்ளை தெருவையே தாண்டிடும் அண்ணே.

ஒனோப்ரே: கூடைப்பந்து ஆடறவன் பேருதான் வேணும்னா, அமெரிக்காக்காரன் பேரு ஏதாவது வெச்சுட்டுப் போ. எங்க தெரு முழுக்க அந்தப் பேருதான் ஓடுது. எவனும் ஆட மாட்டான், ஆனா கேட்டா நல்லா இருக்கும்.

தோரிங்: லியாந்த்ரோவுக்கு என்ன குறைச்சல்? நம்ம பருந்து அணிக்கு அவன்தானே தூண். அவன் வர்றதுக்கு முன்னாடி இந்த ஊர்ல ஒரு அணி இருந்ததே யாருக்குத் தெரியும்? அரங்கத்துல ஆளைவிட வௌவால்தான் அதிகம்.

ஒனோப்ரே: தூணா அவன்? மூங்கில். காத்தடிச்சா வளைவான்.

தோரிங்: பக்கோலோட் அணிக்காரனுங்க ரெண்டு பேரு இடுப்பைப் பிடிச்சுத் தொங்கினானுங்களே, அப்ப வளைஞ்சானா? அவனுங்களையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போய்க் கூடையில போட்டான். நீங்க என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதீங்க.

ஒனோப்ரே: அது வேர்வை.

லூமென்: வேர்வையா? அன்னைக்கு இங்க வந்து என் ஏப்ரன்லயும் மூக்கைச் சிந்தினீங்க.

ஒனோப்ரே: நீ யாரு பக்கம் பேசறே லூமென்? காலையில என்ன சொல்லிக்கிட்டோம்...

தோரிங்: காலையில என்ன சொல்லிக்கிட்டீங்க?

லூமென்: ஒண்ணுமில்ல... கஞ்சிக்கு முட்டை வேணுமான்னு கேட்டேன்.

ஒனோப்ரே: இதைக் கேளு. தூண்னா என்ன? லாரியில மூட்டை அடுக்கறோம். மேல கெடக்கற மூட்டையை ஊரே பாக்கும். ஆனா சுமக்கறது அடி மூட்டை. மேல எத்தனை ஏத்தினாலும் அது பிதுங்கக் கூடாது. பிதுங்கினா லாரியே சாஞ்சிடும். மத்த ஆட்டத்துல எல்லாம் அவன் மேல் மூட்டை, பளபளன்னு கெடந்தான். இறுதி ஆட்டத்துலதான் அடியில வெச்சோம். பிதுங்கிட்டான்.

தோரிங்: ஒரு ஆட்டம் அண்ணே. ஒரே ஒரு ஆட்டம்.

ஒனோப்ரே: அந்த ஒரு ஆட்டத்துக்குத்தான்டா தூண் வேணும். மத்ததுக்குக் குச்சி போதும்.

லூமென்: அது உண்மைதான் தம்பி. ரெண்டு ஃப்ரீ த்ரோ. குறுக்க ஒருத்தன் இல்ல, இடிக்க ஒருத்தன் இல்ல. ஒண்ணு வளையத்தைக் கூடத் தொடல. நான் கரண்டியில அள்ளி எறிஞ்சிருந்தாக் கூட உள்ள விழுந்திருக்கும்.

ஒனோப்ரே: அதைக்கூட விடு. கடைசி நொடி, ஒரே ஒரு புள்ளி பின்னாடி இருக்கோம், பந்து அவன் கையில. அரங்கமே எழுந்து நிக்குது. என்ன பண்ணான்? பக்கத்துல நின்ன கத்துக்குட்டி கையில தள்ளி விட்டான். அந்தப் பையனுக்குக் காலு கிடுகிடுன்னு ஆடுது. எறிஞ்ச பந்து எங்க போச்சுன்னு இன்னும் தேடறாங்க.

தோரிங்: அந்தப் பையன் காலியா நின்னான், அதான் குடுத்தான்.

ஒனோப்ரே: காலியா இருந்தது லியாந்த்ரோ மண்டை. நீ அங்க இல்ல, ஆஸ்பத்திரியில பிள்ளை முகத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தே. நாங்க கண்ணால பாத்தோம். ஆட்டம் முழுக்கத் தூங்கி வழிஞ்சான். ரெண்டாம் பாதியில கோச்சு அவனைக் கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் பெஞ்சுல உக்கார வெச்சான். தூணைப் பெஞ்சுல சாத்தி வெச்ச அணி உலகத்துல நம்மது ஒண்ணுதான்.

லூமென்: சேவல் போன கோவம் இன்னும் தீரல இவருக்கு.

ஒனோப்ரே: தீருமா? மார்ல சேப்பு இறகு பறக்கும் அதுக்கு. சண்டையில தோத்ததே கெடையாது. டக்லோபான்ல இருக்கற என் மச்சினன்கிட்ட அதைப் பந்தயம் கட்டினேன். இவன் ஆட்டத்தை நம்பித்தான் கட்டினேன். மறுநாளே மச்சினன் வந்து கூடையில போட்டு எடுத்துட்டுப் போயிட்டான். போன வாரம் கூப்பிட்டுச் சொல்றான், பப்பாளிக்காய் போட்டு சூப்பு வெச்சேன், ருசியா இருந்துச்சுன்னு.

தோரிங்: அதுக்கு என் பிள்ளை என்ன பண்ணும் அண்ணே?

ஒனோப்ரே: உன் பிள்ளை ஒண்ணும் பண்ண வேணாம். நம்ம கோயில்ல பாதிரியார் கேப்பார், இந்தப் பிள்ளைக்கு என்ன பேருன்னு. ஞானத்தகப்பன்தான் வாயைத் தொறந்து சத்தமாச் சொல்லணும். அந்தப் பேரை என் வாயால நான் சொல்ல மாட்டேன். ஒண்ணு, பேரை மாத்து. இல்ல, ஆளை மாத்து.

தோரிங்: அண்ணே...

ஒனோப்ரே: அவ்வளவுதான்.

தோரிங்: முதல் மூட்டையை என் தோள்ல ஏத்தி விட்டது நீங்க. எனக்குக் காலு நடுங்கினப்ப, பின்னாலயே நடந்து வந்து ஒரு கையால தாங்கிக்கிட்டு வந்தீங்க. இன்னைக்கு வேற ஆளை எங்க போய்த் தேடுவேன்? வீட்டுல என் பொண்டாட்டி நெனிதா பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு இருப்பா.

ஒனோப்ரே: அப்ப பேரை மாத்து.

தோரிங்: அது முடியாது.

ஒனோப்ரே: ஏன் முடியாது? அவன் உனக்கு மாமனா, மச்சானா?

லூமென்: ஒனோப்ரே அண்ணே, சும்மா சுத்தி வளைக்காதீங்க. சொல்லிடுங்க. கோயில் வாசல்ல எவனாவது சொல்லிச் சிரிக்கறதுக்கு, நம்ம வாயால கேக்கட்டும்.

ஒனோப்ரே: நீயே சொல்லு.

லூமென்: தம்பி... நீ கப்பல் அடித்தளத்துல இருந்தப்ப, லாரிக்காரன் ரேடியோவுல சொன்னாங்களாம். லியாந்த்ரோவை மாத்தி விட்டுட்டாங்க. டக்லோபான் அணிக்கு. பதிலுக்கு அங்கேருந்து ரெண்டு ஆட்டக்காரனும், ஒரு பழைய பஸ்ஸும் தர்றாங்களாம்.

ஒனோப்ரே: பஸ்ஸுக்கு விலை போன தூண்.

லூமென்: உனக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடுமேன்னுதான், முதல்ல பேரை மட்டும் மாத்திடலாம், அப்புறம் மெதுவாச் சொல்லலாம்னு ரெண்டு பேரும் பேசி வெச்சோம்.

தோரிங்: எனக்குத் தெரியும்.

லூமென்: என்ன?

தோரிங்: நேத்து சாயங்காலமே தெரியும்.

ஒனோப்ரே: தெரிஞ்சுமாடா வெக்கறே? ஊருல உன் பிள்ளையை நடக்க விடுவானுங்களா? பள்ளிக்கூடத்துல பேரு கூப்பிட்டா வாத்தியாரே காதைத் திருகுவார். இப்ப எல்லாம் வெட்ட வெளிச்சமாச்சே. டக்லோபான்கிட்ட தோத்தோம். மூணு மாசம் கழிச்சு டக்லோபானுக்கே போறான். இதுக்கு என்ன அர்த்தம்? அன்னைக்கே வித்துட்டான். நம்ம ஆட்டத்தை வித்துட்டான்.

தோரிங்: அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க அண்ணே.

ஒனோப்ரே: சொல்லுவேன். துறைமுகமே சொல்லுது.

தோரிங்: துறைமுகம் சொல்லட்டும். நீங்க சொல்லாதீங்க.

லூமென்: தம்பி, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. இதை இவரைத் தவிர யார்கிட்டயும் சொன்னதில்ல. இறுதி ஆட்டத்து அன்னைக்குக் காலையில அவன் என் கடைக்கு வந்தான்.

தோரிங்: ...இங்கயா வந்தான்?

லூமென்: இதே பெஞ்சுதான். செருப்பு கூட ஜோடியா இல்ல, ஒண்ணு சேப்பு, ஒண்ணு கறுப்பு. மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. கிண்ணம் மேல கிண்ணமாக் கஞ்சி வாங்கிக் குடிக்கறான், ஈரல் இருக்கா, ஈரல் இருக்கான்னு கேக்கறான். கை மடக்கற இடத்துல பஞ்சு வெச்சு ஒட்டியிருந்துச்சு. ஊசி போட்ட தடம். ஏதோ போதை மருந்து ஏத்திக்கிட்டான்னு நினைச்சேன். அணி பேரு கெட்டுடுமேன்னு வாயை மூடிக்கிட்டேன்.

ஒனோப்ரே: இப்ப சொல்லு. ஊசி போட்டுக்கிட்டு ஆட வந்தவன் பேரா உனக்கு வேணும்?

தோரிங்: எந்தக் கைன்னு ஞாபகம் இருக்கா அக்கா?

லூமென்: இடது... ஏன் கேக்கறே?

தோரிங்: இடதுதான். வலதுல எடுக்காதீங்க, சாயங்காலம் பந்து எறியணும்னு சொன்னான்.

ஒனோப்ரே: என்னடா எடுக்காதீங்க?

தோரிங்: யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். இத்தனை நாள் காப்பாத்தினேன். ஆனா நீங்க வித்துட்டான்னு சொல்றீங்க... அதைக் கேட்டுக்கிட்டு நான் கஞ்சி குடிக்க முடியாது.

லூமென்: தம்பி, நெனிதாவுக்குப் பிரசவம் நல்லபடியா ஆச்சுன்னுதானே சொன்னே?

தோரிங்: பிள்ளை நல்லபடியா வந்துச்சு. அதுக்கப்புறம் அவளுக்கு ரத்தம் நிக்கல. மெத்தையெல்லாம் நனைஞ்சு கீழ சொட்டுது. அவளுக்கு இருக்கறது அபூர்வமான வகை ரத்தமாம். ஆஸ்பத்திரியில இல்ல. என்னுது சேரல, அவ அண்ணனுது சேரல. செபுலேருந்து படகுல வரும், ஆனா மத்தியானம் ஆகும்னார் டாக்டர். அதுவரைக்கும் தாங்க ஒரு பை வேணும்னார்.

லூமென்: மாதாவே...

தோரிங்: அங்க ஒரு நர்ஸு காதுல வந்து சொன்னா. அணிக்காரங்களுக்குச் சோதனை பண்ணப்ப பாத்தேன், இந்த ஊர்ல அந்த ரத்தம் ஒருத்தன்கிட்டதான் இருக்குன்னு. அவங்க தங்கியிருந்த விடுதிக்கு ஓடினேன். கதவைத் தட்டறேன், கால்சட்டையோட வந்து நிக்கறான். ரத்தம், ரத்தம்னு மட்டும் சொல்றேன். ஒரு வார்த்தை கேக்கல அவன். இருட்டுல கால்ல கெடச்ச செருப்பை மாட்டிக்கிட்டு என்னோட ஓடி வந்தான்.

ஒனோப்ரே: அன்னைக்கு... ஆட்டம் இருந்துச்சுன்னு அவனுக்கு...

தோரிங்: எனக்கே தெரியும், அவனுக்குத் தெரியாதா? கோச்சுகிட்ட சொன்னா ஆட விட மாட்டான், ஊருகிட்ட சொன்னா தோத்ததுக்கு உன் பொண்டாட்டியைத் திட்டுவாங்க, அதனால வாயைத் தொறக்காதேன்னான். ராத்திரி தோத்துட்டு நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தான். பிள்ளை என்ன எடைன்னு கேட்டான். ஏன் அந்தக் கடைசிப் பந்தை நீயே போடலன்னு நான் கேட்டேன்.

ஒனோப்ரே: என்ன சொன்னான்?

தோரிங்: ரெண்டு கூடை தெரிஞ்சுது, எதுல போடறதுன்னு தெரியலன்னான். சொல்லிட்டுச் சிரிக்கறான்.

லூமென்: ஈரல் கேட்டானே... நான் இல்லன்னு சொல்லிட்டேனே. உள்ள வெச்சிருந்தேன், மத்தியானக் கூட்டத்துக்காக...

தோரிங்: நேத்து வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிட்டுப் போனான். டக்லோபான் போறதைச் சொன்னான். என் பேரை வெக்காதே, பையன் அடி வாங்குவான்னு அவனும் சொன்னான். நீங்க சொல்றதையேதான் அண்ணே சொன்னான்.

ஒனோப்ரே: நகரு, வழி விடு.

லூமென்: எங்க போறீங்க? உக்காருங்க, சட்டை பின்னாடி கெடக்கு.

ஒனோப்ரே: குளிக்கப் போறேன். பாதிரியார் நேரம் தவறினா கத்துவார்.

தோரிங்: அண்ணே, அப்ப பேரு?

ஒனோப்ரே: நான்தானே சொல்லணும். கடைசி வரிசையில செவிட்டுக் கிழவி இருந்தா அவளுக்கும் கேக்கற மாதிரி சொல்றேன். எவனாவது சிரிக்கட்டும், பாத்துக்கறேன்... ஆக, என் சேவலைத் தின்னது என் மச்சினன் இல்ல. நெனிதா உசுருக்குத்தான் அது போயிருக்கு.

லூமென்: அழறீங்களா?

ஒனோப்ரே: வேர்வை. ஏன் தோரிங், அவன் டக்லோபானுக்காக நம்ம ஊருக்கு ஆட வருவானே, அன்னைக்கு யாருக்குடா கை தட்டறது?

தோரிங்: பருந்துக்குத்தான் தட்டணும். அவன் ஃப்ரீ த்ரோ போடறப்ப மட்டும் சத்தம் போடாம உக்காந்திருங்க.

ஒனோப்ரே: சரி. நம்ம பக்கத்துலேருந்து அவனுக்கு ஏதாவது செஞ்சியா? இன்னும் என்னடா பாக்கி?

தோரிங்: ஒரு பை ரத்தம் அண்ணே. என்னுது அவனுக்குச் சேராது.