அவர் பேரில் வந்த டிபி

காஞ்சிபுரத்திலிருந்து தென்னேரி போகும் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவளின் தோளில் ஒரு பெண்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“அது அவரு சளின்னு எல்லாரும் நெனச்சிக்கினு இருக்காங்கக்கா. துப்பினது நான்” என்றாள் இளையவள்.

“என்னம்மா சொல்ற?”

“வீட்டுக்காரரு இருமிக்கினே இருந்தாரு. நர்சம்மா சளி எடுக்க டப்பா குடுத்துட்டுப் போனாங்க. தறிய விட்டு எந்திரிக்க மாட்டேன்னுட்டாரு. தெனம் வந்து கேக்கறாங்களேன்னு நானே துப்பிக் குடுத்துட்டேன். அவரு பேருல டிபின்னு வந்துட்டுது.”

“அப்போ நோவு உனக்கா?”

“ஆமாக்கா. அவரு பயந்துபோயி மாத்திரைய ஒழுங்கா சாப்புடறாரு.”

“நீ?”

“நான் எதுவும் சாப்புடல. வெளிய சொன்னா மாமியாரு புள்ளைய என்கிட்ட விடமாட்டாங்க.”

மூத்தவள் ஜன்னல் கண்ணாடியை மேலே தள்ளித் திறந்தாள். குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“புள்ள இருமுதா?”

“ராத்திரில மட்டும்க்கா.”

“எறங்கு. காஞ்சிபுரத்துக்கே திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

இளையவள் அசையவில்லை. மூத்தவள் குழந்தையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு படிக்கட்டை நோக்கி நடந்தாள். அதன்பிறகுதான் இவள் எழுந்தாள்.