நடுவில் நின்ற குரல்

எப்போதும் மெதுவாக ஓடுகிற கம்ப்யூட்டரைச் சரிசெய்வது சுலபம், இன்ஸ்பெக்டர் மேடம். எப்போதாவது மெதுவாகிறதே, அதுதான் உயிரை வாங்கும். கடைக்குத் தூக்கி வந்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். வீட்டுக்குப் போனதும் மக்கர் பண்ணும். அதனால் நான் வீட்டுக்கே போய்ப் பார்ப்பேன். தென்காசியில் நம்பிராஜன் என்றால் அந்தப் பொறுமைக்குத்தான் பெயர், விசாரித்துப் பாருங்கள்.

நிர்மலாதேவியின் வீடு குத்துக்கல்வலசையில், புது வீடுகள் எழும்புகிற பக்கம். கணவன் முத்துச்செல்வம் பட்டாளத்தில் இருந்து, பனிச்சரிவில் சிக்கி இறந்தவன். உயிரோடு இருந்தபோது மகளுக்குக் கதை சொல்லிச் சொல்லிக் குரல் பதிவு அனுப்பியிருக்கிறான். பிறகு அவளுடைய போன் பழுதாகிவிட்டது. நல்லவேளை, எல்லாவற்றையும் முன்பே கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள். மகள் சங்கரேஸ்வரி அந்தக் குரல் ஓடினால்தான் சோற்றை வாயில் வாங்கும். சில நாள் குரல் நடுவிலேயே நின்றுவிடும். குழந்தை திறந்த வாயோடு காத்திருக்கும்.

"அப்பா யோசிக்காவ," என்றது என்னிடம்.

"அண்ணாச்சி, எங்களுக்கு இனி அவியன்னா இதுக்குள்ள இருக்கதுதான். எப்படியாவது பாத்துக் குடுங்க," என்றாள் நிர்மலா. கடைக்காரர்களை இங்கே எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் உறவுமுறை ஒன்றும் கிடையாது, மேடம்.

ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்தேன். கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. வைரஸ் இல்லை, இடமும் தாராளம். சாரல் அடிக்கிற நாளில் மட்டும்தான் இந்த வம்பு என்று அவளிடம் பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். மேஜை ஜன்னலோரம் இருந்தது. ஈரத்தில் டிஸ்க்குக்குப் போகிற கேபிளின் முனை கறுத்துப் போயிருந்தது. மேஜையை நகர்த்தி, புதுக் கேபிள் மாட்டினேன். குரல் தங்குதடையில்லாமல் ஓடியது. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதன்பிறகு கூப்பிடவே இல்லை.

நானாகத்தான் போனேன். சும்மா ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று. காபி போட அவள் உள்ளே போனபோது கேபிளை லேசாக இழுத்துவிட்டேன். பிடுங்கவில்லை. பிடுங்கினால் யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். நின்று நின்றுதான் ஓட வேண்டும். அந்தச் சாரல் காலம் முழுக்க அவளுக்கு என்னை விட்டால் வேறு நாதியில்லை என்று ஆனது. அந்த வீட்டு ஆம்பிளை மாதிரி நான் வந்து போனேன்.

ஒருநாள் மனதில் இருந்ததைச் சொன்னேன். "பிள்ளைக்கு ஒரு அப்பா வேணும்லா, நிர்மலா?"

அவள் சத்தம் போடவில்லை. "அவிய குரல் இருக்கு, அண்ணாச்சி. எங்களுக்கு அது போதும். இனி இந்தப் பேச்சை எடுக்காதிய," என்றாள்.

நியாயமான பதில்தான். எனக்குக் கோபமே வரவில்லை. குரல் இருப்பதால்தான் வேண்டாம் என்கிறாள். பழுது எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நகல் ஒன்றைப் பென் டிரைவில் போட்டுப் பூட்டி வைத்திருந்தாள். என் கடையில் வாங்கியதுதான். எங்கே என்று கேட்டால் சந்தேகப்படுவாள். ஆயுதபூஜை வரட்டும் என்று இருந்தேன். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்துப் பூஜையில் வைப்பது நம் பக்கத்து வழக்கம். பொரி வாங்கிக்கொள்ள என்னையும் கூப்பிட்டிருந்தாள். "அதோட சேந்தது எல்லாத்தையும் வைக்கணும், ஒண்ணை மட்டும் ஒதுக்கப்படாது," என்றேன். அவளே பீரோவிலிருந்து எடுத்து வந்து, பொட்டிட்டு, சரஸ்வதி படத்தின் முன்னால் வைத்தாள். சுண்டல் தாளிக்கப் போனாள். அதே மாதிரி வெறும் பென் டிரைவ் ஒன்று என் சட்டைப்பையில் இருந்தது. சந்தனம் தொட்டு, அவள் வைத்தது போலவே குங்குமமும் வைத்து மாற்றினேன். கேபிளையும் லேசாக இழுத்துவிட்டேன். சாமி முன்னால் மனம் கூசவில்லையா என்கிறீர்கள். நல்ல காரியத்தைச் சாமி முன்னால்தானே தொடங்குவோம்.

மறுநாள் மறுபூஜை முடிந்து அவள் கம்ப்யூட்டரைப் போட்டதும் குரல் நின்றிருக்கிறது. கூப்பிட்டாள், போனேன். பிள்ளையைப் பக்கத்து வீட்டிலிருந்து அழைத்துவர அவள் எழுந்து போனாள். டிஸ்க்கைக் கேபிளோடு வெளியே எடுத்து, அது சுழன்றுகொண்டிருக்கும்போதே மேஜை விளிம்பில் தட்டினேன். டக் டக் என்று கொஞ்ச நேரம் அடித்தது. பிறகு அடங்கிவிட்டது.

"போயிட்டும்மா," என்றேன்.

பென் டிரைவை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அதில் ஒன்றும் இல்லை. "ஐயோ, அவியள ரெண்டாந்தடவையும் பறிகொடுத்துட்டேனே," என்று தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். குழந்தை அன்றைக்குச் சோறு தொடவில்லை. எனக்கும் அழுகை வந்தது. பொய்யில்லை, வந்தது.

ஆனால் நான் எதையும் அழிக்கவில்லை, மேடம். அந்தக் குரல் முழுவதும் என்னிடம் பத்திரமாக இருந்தது. கடையை அடைத்துக்கொண்டு கேட்பேன். முத்துச்செல்வம் 'ஏட்டி' என்பதைக் கொஞ்சம் இழுப்பான். சிரிப்பதற்கு முன்னால் ஒரு சின்னச் செருமல். எல்லாம் மெல்ல மெல்ல எனக்கு வந்துவிட்டது. வேறு நம்பரிலிருந்து போன் போட்டு, "ஏட்டி நிர்மலா, சாப்ட்டியா?" என்றேன். அவள் போனை வைக்கவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. பிடிக்காதவள் வைத்திருப்பாளே.

போன வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் வாசலில் போய் நின்றேன். "சங்கரி, அப்பா வந்திருக்கேன்லா, கதவத் திற," என்றேன்.

குழந்தைதான் விழுந்தடித்து ஓடிவந்து தாழ்ப்பாளை நீக்கியது. என்னைப் பார்த்தது. பிறகு எனக்குப் பின்னால் தெருவில் வேறு யாரும் நிற்கிறார்களா என்று எட்டி எட்டிப் பார்த்தது.

நிர்மலா வந்து பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். உடம்பெல்லாம் நடுங்கியது. கேபிள், பென் டிரைவ், டிஸ்க், போன், எல்லாம் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவள் பயந்து நடுங்கினாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் திருத்திவிடுங்கள், மேடம். அது புதுப்பெண்ணுக்கு வருகிற கூச்சம்.